16 தடங்களுக்குள் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்': எந்தக் கருவிகள், எப்படிப் பதிவாயின?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பிங்க் ஃப்ளாய்ட் குழுவினர் லண்டன் அபே ரோட்டிலுள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் 1972-இன் நடுவில் தொடங்கி 1973-இன் தொடக்கத்தில் பதிவு செய்து முடித்து, அந்த ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தொகுப்பைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். நாங்கள் நால்வர் சேர்ந்து எங்கள் சொந்த ராக் பாடல்களை வீட்டிலேயே கணினியில் பதிவு செய்து வருகிறோம். ஒவ்வொரு பாடலிலும் அறுபது, எழுபது தடங்கள் (ஒவ்வொரு ஒலியும் தனித்தனியே பதியும் வரிசைகள்) சேர்ந்துவிடுகின்றன. ஆனாலும் கேட்கும்போது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதுகிறது. அந்தத் தொகுப்பிலோ கடிகாரங்கள், காலடி ஓசை, பேச்சுக் குரல்கள், சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி), பின்னணிப் பாடகியர் என்று இத்தனை இருந்தும் ஒவ்வொன்றும் தன் இடத்தில் தெளிவாக நிற்கிறது.

அவர்கள் பயன்படுத்திய கருவிகளின் பட்டியல் பல இடங்களில் கிடைக்கிறது. பட்டியலைப் படித்தால் பெயர்கள் தெரிகின்றனவே தவிர, எந்தக் கருவி எந்த ஒலிக்குப் பொறுப்பு என்பதும், அன்றைய கூடத்தில் அந்த வேலை எப்படி நடந்தது என்பதும் விளங்கவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய நாடா

நல்ல கேள்வி. ஒலி எந்த வழியாகச் சென்றதோ அந்த வழியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றையெல்லாம் முடிவு செய்தது அதுதான்.

மைக்குகளிலிருந்து வந்த ஒலி முதலில் இ.எம்.ஐ. நிறுவனம் தன் கூடங்களுக்காகத் தானே வடிவமைத்த டிஜி12345 கலவை மேசைக்குள் சென்றது. அதற்கு முன்பு அங்கே வால்வுகளால் இயங்கிய மேசைகள் இருந்தன. 1968-இல் டிரான்சிஸ்டரால் இயங்கும் இந்த மேசையின் முதல் வடிவம் வந்தது, பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோட்' தொகுப்பு அதில்தான் பதிவானது. ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரஸரும் லிமிட்டரும் மேசைக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்ததால், டிரம்ஸையும் பேஸையும் (தாழ்சுரக் கிதார்) பதிவு செய்யும் கட்டத்திலேயே அழுத்தி, விரும்பிய வடிவத்தில் நாடாவில் ஏற்ற முடிந்தது. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் பழக்கம் அந்த வேலைமுறையில் குறைவு.

மேசையிலிருந்து ஒலி இரண்டு அங்குல அகல நாடாவில் 16 தடங்களாகப் பதிந்தது. அந்த அகலத்தைப் பதினாறாகப் பிரித்து, நடுவில் இடைவெளியும் விட்டால், ஒரு தடத்துக்குக் கிடைப்பது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான பட்டை. டிரம்ஸுக்கே பல மைக்குகள். பேஸ், கிதார்கள், ஆர்கன், பியானோ ஆகியவை சேர்ந்ததும் 16 தடங்களும் நிறைந்துவிடும், குரலுக்கு இடமிருக்காது. ஆகவே நிறைந்த நாடாவை ஒரு கருவியில் ஓடவிட்டு, அதிலுள்ளவற்றைச் சில தடங்களாகக் கலந்து, இன்னொரு 16-தட நாடாவுக்கு மாற்றினார்கள். அங்கே காலியான தடங்களில் குரல்களையும் தனி வாசிப்புகளையும் சேர்த்தார்கள். இந்த மாற்றத்துக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, நாடாவின் இரைச்சல் ஒவ்வொரு நகலிலும் கூடும்; ஒரே அளவு இரைச்சலுள்ள இரண்டு நாடாக்கள் சேர்ந்தால் சுமார் 3 டெசிபல் உயரும். மற்றொன்று இன்னும் கடுமையானது: டிரம்ஸ் முழுவதும் ஒருமுறை இரண்டு தடங்களுக்குள் கலந்துவிட்டால், அந்த நாடாவில் ஸ்நேர் என்ற ஒரு டிரம்மின் அளவை மட்டும் தனியே கூட்டவோ குறைக்கவோ முடியாது. பாடகர் இன்னும் பாடாத பாட்டுக்கு டிரம்ஸின் கலவையை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. நீங்கள் குறிப்பிடும் தெளிவுக்கு முதல் காரணம் இதுவே என்பது என் எண்ணம். குரல் வரும்போது அதற்கான வெளி ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது.

'மணி' பாடலின் தொடக்கத்தில் வரும் நாணய ஓசையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழுவின் பேஸ் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ், தம் மனைவி மட்பாண்டக் களிமண் பிசையப் பயன்படுத்திய பெரிய கலவைப் பாத்திரத்தில் நாணயங்களை வீசி அந்த ஓசையைப் பதிவு செய்தார். அதோடு காகிதம் கிழிபடும் ஓசை, கல்லாப்பெட்டியின் ஓசை முதலியவற்றைச் சேர்த்து, ஏழு அடி (தாளத் தட்டு) கொண்ட தாளத்துக்கு ஏற்ப நாடாவை அளவுகோலால் அளந்து வெட்டி, ஒட்டி, முனைகளை இணைத்து வளையமாக்கினார்கள். கணக்கு எளிது. நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, பாட்டு நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொண்டால், ஓர் அடிக்கு அரை நொடி, அதாவது ஏழரை அங்குல நாடா. ஏழு அடிகளுக்கு ஐம்பத்திரண்டரை அங்குலம். அவ்வளவு நீளமான வளையம் கருவியின் மேல் அடங்காது என்பதால், மைக் தாங்கி ஒன்றைச் சற்றுத் தள்ளி நிறுத்தி அதைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஒரு வெட்டு சில மில்லிமீட்டர் தவறினாலே தாளம் நொண்டும்.

'டைம்' பாடலின் கடிகாரங்களைக் குழு தேடிச் சென்று பதிவு செய்யவில்லை. ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், நான்கு ஒலிபெருக்கிகளுக்கான குவாட்ரஃபோனிக் முறையை விளக்கிக் காட்டுவதற்காகப் பழம்பொருள் கடை ஒன்றில் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியே முன்பே பதிவு செய்து வைத்திருந்தார். எல்லாம் ஒரே கணத்தில் மணியடிக்கும்படி அவற்றைப் பல தடங்களில் பொருத்தி அமைத்ததே கூடத்தில் நடந்த வேலை.

ஆறு நரம்பு

கிதார் பற்றி நான் எழுதுகிறேன். குழுவின் கிதார்க் கலைஞர் டேவிட் கில்மரின் முதன்மைக் கருவி, 1970-இல் நியூயார்க்கின் மேனீஸ் கடையில் வாங்கிய கறுப்பு ஃபென்டர் ஸ்ட்ராடோகாஸ்டர். 2019-இல் அது ஏலத்தில் 39,75,000 டாலருக்கு விற்பனையான செய்தியைப் பலர் அறிவீர்கள். அந்த விலையைப் பார்த்து கிதாருக்குள்தான் எல்லாம் இருக்கிறது என்று இளைஞர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை. கில்மரின் ஒலியைக் கட்டியது கிதாருக்கு அடுத்து வந்த மூன்று கருவிகளின் வரிசை.

முதலாவது ஃபஸ் ஃபேஸ் பெடல்: இரண்டே டிரான்சிஸ்டர்கள் கொண்ட மிக எளிய சுற்று, ஒலியின் முகடுகளை வெட்டி அந்த நீண்ட, தடித்த ஓசையைத் தருவது. இரண்டாவது, இத்தாலியின் மிலான் நகரில் செய்யப்பட்ட பின்சன் எக்கோரெக். மற்ற எதிரொலிக் கருவிகளில் இருப்பது போன்ற நாடா இதில் கிடையாது. சுழலும் காந்த உருளை ஒன்றில் ஒலி பதிந்து, சுற்றிலும் வெவ்வேறு இடங்களில் உள்ள தலைகள் அதைத் திரும்பப் படிக்கும். எந்தத் தலைகளைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து எதிரொலியின் தாளமே மாறும். மூன்றாவது, 100 வாட் ஹைவாட் ஆம்ப் (கிதார் ஒலியைப் பெருக்கும் கருவி). ஒலியைக் கூட்டும்போது மார்ஷல் ஆம்பில் ஒலி சிதைவது போல இதில் எளிதில் சிதையாது, நன்றாக உயர்த்திய பின்னும் தெளிவாகவே இருக்கும். ஃபஸ் எவ்வளவு சிராய்த்தாலும் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்பதற்கு இந்த ஆம்பின் தெளிவே காரணம். 'டைம்' பாடலின் தனி வாசிப்பை இதை மனத்தில் கொண்டு மீண்டும் கேட்டுப் பாருங்கள். 'ப்ரீத்' பாடலின் தண்ணீருக்குள் அசைவது போன்ற ஒலிக்குக் காரணம் யூனிவைப் என்ற கருவி.

'மணி' பாடலில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் கிதார் வாசிப்பின் இறுதிப் பகுதியில் வரும் மிக உயர்ந்த சுரங்களை ஸ்ட்ராடோகாஸ்டரின் கழுத்திலுள்ள 21 கட்டைகளில் (ஃப்ரெட்டுகளில்) அழுத்தி எட்ட முடியாது. அதற்காக அவர், கனடாவைச் சேர்ந்த பில் லூயிஸ் செய்த, 24 கட்டைகள் கொண்ட கிதாரைப் பயன்படுத்தினார். அதே பாடலில் டிக் பாரியின் சாக்ஸஃபோன் ஏழு அடியில் ஒலிக்க, கிதார் வாசிப்பு தொடங்கும்போது தாளம் நான்கடிக்கு மாறுவதையும், நடுப்பகுதியில் எதிரொலி முற்றிலும் நீங்கி கிதார் காதருகே வந்து நிற்பதையும் கவனியுங்கள். அதன் பின் ஒலி மீண்டும் அகலமாக விரியும்போது அவ்வளவு பெரிதாகத் தோன்றுவது, இடையில் சிறுத்துக் காட்டியதால்தான்.

மின்னலை

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பழைய நாடா அவர்கள் கூறியதில் ஒன்றை மட்டும் மறுக்க அனுமதி வேண்டுகிறேன். தடங்கள் குறைவாக இருந்ததே இந்தத் தொகுப்பின் சிறப்புக்குக் காரணம் என்று முடிவு செய்வது பொருந்தாது. அன்று கிடைத்தவற்றில் மிகப் புதியதைத் தேடிப் பிடித்தவர்கள் இவர்கள். அதற்குச் சிறந்த சான்று 'ஆன் தி ரன்'.

லண்டனில் இயங்கிய இ.எம்.எஸ். நிறுவனம் 1969-இல் விசிஎஸ்3 என்ற சிந்தசைசரை வெளியிட்டது. மற்ற சிந்தசைசர்களில் கம்பிகளைச் செருகி இணைப்புக் கொடுக்கும் வேலையை, இதில் 16-க்கு 16 என்ற கட்டங்கள் கொண்ட பலகையில் சிறு ஊசிகளைச் செருகிச் செய்யலாம். 1972-இல் அதே சுற்றுகளைக் கைப்பெட்டிக்குள் அடக்கி, தொடு விசைப்பலகையும் 256 நிகழ்வுகள் வரை நினைவில் கொண்டு தானே வாசிக்கும் சீக்வென்சரும் சேர்த்து சிந்தி ஏகேஎஸ் வந்தது. 'ஆன் தி ரன்' அந்தக் கருவி சந்தைக்கு வந்த சூட்டோடு பிறந்தது. அதுவரை மேடையில் அந்த இடத்தில் கிதார் அடிப்படையிலான வேறொரு வாசிப்பே இருந்தது. கருவி கைக்கு வந்ததும் அதைக் கைவிட்டார்கள். எட்டு சுரங்களை மெதுவாக உள்ளிட்டு, வேகத்தைப் பல மடங்கு கூட்டி ஓடவிட்டார்கள். டிரம்ஸின் இணைத் தட்டுகளான ஹை-ஹாட் போலக் கேட்பதும் அதே பெட்டியில் எழுந்த இரைச்சல்தான். எட்டு சுரங்கள் மூன்றரை நிமிடம் திரும்பத் திரும்ப வந்தும் சலிக்காததற்குக் காரணம், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சில அலைவரிசைகளை வடிகட்டும் ஃபில்டரின் குமிழைக் கையால் திருகிக்கொண்டே இருந்ததுதான். அந்தத் திருகல்தான் அங்கே இசை.

விசைக் கருவிகளில் ரிச்சர்ட் ரைட்டின் பங்கைப் பற்றிப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு எப்போதும் உள்ள வருத்தம். 'அஸ் அண்ட் தெம்' முழுவதையும் தாங்குவது சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியே வரும் அவருடைய ஹேமண்ட் ஆர்கன். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' அவருடைய பியானோவின் மேல் நிற்கிறது. அந்தப் பாடலில் சொற்களே இல்லாமல் பாடிய கிளேர் டோரி அன்று பெற்ற ஊதியம் 30 பவுண்டு. இசையமைப்பில் அவருக்குரிய இடம், நீதிமன்றம் வரை சென்று 2005-இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே கிடைத்தது. இதைக் கருவிகளைப் பற்றிய உரையாடலிலும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். மனிதக் குரலைக் கருவியாகவே பயன்படுத்திய இடம் அது.

டிரம்ஸில் நிக் மேசன் செய்த ஒன்றையும் சேர்க்கிறேன். 'டைம்' பாடலில் கடிகாரங்களுக்குப் பின் வரும் நீண்ட முன்னுரையில் அவர் வாசிப்பது ரோட்டோடாம்கள். இவற்றுக்கு உடல் கிடையாது. தோலைத் தாங்கும் சட்டத்தையே சுழற்றினால் சுருதி ஏறி இறங்கும். ஆகவே அங்கே டிரம்ஸ் மெட்டுக்கு ஒத்த சுருதிகளில் பேசுகிறது.

வைகறை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. 'மணி' பாடலில் கிதாருக்குப் பின்னால் வாய் திறந்து மூடுவது போல ஒலிக்கும் விசைக் கருவி எது? நாடா எதிரொலியைக் கணினியில் கொண்டுவர எந்த அளவுகளில் தொடங்கலாம்?

மின்னலை

அது உர்லிட்சர் மின்பியானோ. சுத்தி உலோக நாக்கைத் தட்ட, அதன் அதிர்வு மின்னோசையாகிறது. ரைட் அதைக் கிதார்க் கலைஞர்கள் காலால் இயக்கும் வாவா பெடல் வழியே செலுத்தினார். பெடலைத் தாளத்துக்கு இயந்திரம் போல மிதித்தால் அந்த ஒலி வராது. இசை வாக்கியம் முடியும் இடங்களில் திறக்க வேண்டும்.

பழைய நாடா

மின்னலை அவர்களின் மறுப்பை ஏற்கிறேன். புதிய கருவிக்கான அவர்களுடைய பசியை நான் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

எதிரொலிக்கு வருகிறேன். நாடாக் கருவியில் பதியும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் இடையே உள்ள தூரத்தை நாடாவின் வேகத்தால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். தூரம் இரண்டு அங்குலம், வேகம் நொடிக்கு 15 அங்குலம் என்றால் சுமார் 133 மில்லி நொடி. வேகத்தைப் பாதியாக்கினால் 267. 'அஸ் அண்ட் தெம்' குரலில் கேட்பது போன்ற நீண்ட மறுமொழியின் (எதிரொலியாகத் திரும்பும் குரலின்) தாமதம் இதைவிட மிகப் பெரியது. அதற்கு நாடா இன்னும் மெதுவாகவோ இன்னும் நெடுந்தூரமோ ஓட வேண்டும். கணினியில் பாட்டின் ஓர் அடி நீளத்தில் தொடங்கிச் சற்றே முன்பின் நகர்த்திப் பாருங்கள். நாடாவில் ஒவ்வொரு சுற்றிலும் மேல் அலைவரிசைகள் தேயும் என்பதால், எதிரொலி திரும்ப உள்ளே செல்லும் பாதையில் 4,000 அல்லது 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் குறைக்கும் ஃபில்டர் ஒன்றை வையுங்கள். அப்போது மறுமொழிகள் மூலக் குரலோடு போட்டியிடாமல் பின்னால் செல்லும்.

உங்கள் எழுபது தடங்களைப் பொறுத்தவரை, ஒரே ஒரு பாடலில் இதைச் செய்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். டிரம்ஸ் முழுவதையும் இரண்டு தடங்களாகக் கலந்து, மூலத் தடங்களை வேறு கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். பேஸையும் தாளக் கிதாரையும் அவ்வாறே முடித்த பிறகு குரலைப் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் அந்தப் பதிவை இங்கே பகிருங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.