புதுப்பிப்பு: கட்டுமான மனைச் சரிவில் மண் அரிப்பு, எது பலன் தந்தது?

பின்பக்கச் சரிவிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து வடிகாலை அடைக்கிறது, வண்டல் தடுப்புத் துணி கட்டியும் நிற்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இப்போது வடிகால் அடைபடுவதில்லை.

பலன் தந்தது, "கீழே பிடிப்பதைவிட மேலே மண் கிளம்பாமல் பாருங்கள்" என்ற யோசனைதான். முதலில் சரிவின் தலைப்பில் வரப்பு போட்டு, மேலிருந்து வரும் நீரைக் கல் பரப்பிய வாய்க்காலில் திருப்பினோம். பிறகு புல் விதை தூவி, தென்னைநார் வலையை விரித்து, நகராதபடி முளைக்குச்சிகள் அடித்தோம். வலை மண்ணோடு ஒட்டிக் கிடப்பது மிக முக்கியம். ஓரிடத்தில் மண்கட்டிகளின்மேல் தூக்கிக்கொண்டு நின்றது. அடுத்த மழையில் அதற்கு அடியிலேயே விரல் அகலத்தில் ஓடை விழுந்திருந்தது. கட்டிகளை உடைத்துச் சமன்செய்து, வலையின் மேல் விளிம்பைப் பள்ளத்தில் புதைத்ததும் சரியானது.

துணித் தடுப்பும் இருக்கிறது. அடிப்பாகத்தை 15 செ.மீ. புதைத்து, சமமட்டக் கோட்டில் (சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் கோடு) நிறுத்தி, இரு முனைகளையும் மேட்டுப்பக்கம் வளைத்தோம். முன்பு நீர் முனைகளைச் சுற்றித்தான் போயிருக்கிறது. வண்டல் துணியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டுவதற்குள் அள்ளிவிடுகிறோம்.

எதிர்பாராத ஒன்று: மணல் நின்றாலும் களிமண் கலங்கல் துணியைக் கடந்துவிட்டது. அந்த நுண்துகள் எளிதில் படியாது. புல் அடர்ந்த பிறகே நீர் தெளிந்தது.

லாரி வாசலில் பெரிய ஜல்லி கொட்டியதில் சாலையில் சேறு படிவதும் குறைந்திருக்கிறது.