கடைசி மூணு கிலோ மட்டும் இறங்க மாட்டேங்குது, எவ்வளவு நாள் ஆகும்?

கோட்டார் மைனி:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் கேட்டுருவோம்னு வந்தேன். வயசு 34, உயரம் 158 செ.மீ., ரெண்டு பிள்ளைய, ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலை. போன சித்திரைல 74 கிலோ. இப்ப ஐப்பசி, 63ல நிக்கேன். ஜிம்முக்கெல்லாம் போகல, காலைல அண்ணா ஸ்டேடியத்துல 40 நிமிசம் நடப்பேன், சோறு பாதியாக்கிட்டேன், சாயாவுக்கு சீனி இல்ல, நேந்திரங்காய் சிப்ஸ் வீட்டுக்குள்ளயே வரப்பிடாதுன்னு சட்டம் போட்டாச்சு.

முதல்ல மாசம் ரெண்டு, ரெண்டரை கிலோன்னு சும்மா சர்ருனு எறங்கிச்சு. ஆனா இந்த அஞ்சு வாரமா 63.2, 62.8, 63.4, 63.1 இதுலயேதான் கெடந்து உருளுது. எனக்கு 60 ஆகணும், தை கடைசில தம்பி கல்யாணம். மூணே மூணு கிலோதானே, பதினொண்ணு கொறைச்சவளுக்கு இது ஒரு பெரிய காரியமான்னு நெனச்சேன், இப்ப பாத்தா அந்த பதினொண்ணே லேசு போல. வீட்டுக்காரரு மெசின்ல பேட்டரி போச்சுங்காரு, மாமி என்னடான்னா முகமெல்லாம் வாடிப்போச்சு, போதும் நிறுத்துங்கா. உள்ளபடியே இது எத்தனை நாள் எடுக்கும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தக்கலை மாப்ள:

அக்கா சிம்பிள், ராத்திரி சாப்பாட்ட நிறுத்துங்க, காலைல கஞ்சித்தண்ணி, மத்தியானம் வெள்ளரிக்கா, அவ்வளவுதான். நான் ரெண்டு வாரத்துல நாலு கிலோ கொறைச்சேன், கியாரண்டி.

ராத்திரி டூட்டி:

தம்பி, நாலு கிலோ கொறைஞ்சது செரி, அது இப்ப எங்க இருக்கு? திரும்பி வந்திருக்கும், நான் பந்தயம் கட்டுகேன். ஒடம்புல மாவுச்சத்து கிளைக்கோஜனா ஒரு 400, 500 கிராம் சேத்து வச்சிருக்கும், அதுல ஒவ்வொரு கிராமும் கூடவே மூணு கிராம் கிட்ட தண்ணிய பிடிச்சு வச்சிருக்கும். சோத்த நிறுத்துனா அது காலியாகி ஒண்ணரை, ரெண்டு கிலோ டக்குனு எறங்கும், ஒரு கல்யாண சாப்பாடு சாப்பிட்டா அதே வேகத்துல ஏறும். கொழுப்புன்னு சொல்லப்பட்டது அதுல கொஞ்சந்தான்.

மைனி, உங்களுக்கு வாறேன். நான் நர்ஸ், டயட்டீசியன் இல்ல, ஆனா இதே கடைசி கிலோ பாடு நானும் பட்டதுனால கணக்கு மனப்பாடம். 1958ல விஷ்னோஃப்ஸ்கின்னு ஒரு அமெரிக்க டாக்டர் ஒரு பவுண்டு கொறைய 3,500 கலோரி வேணும்னு எழுதுனாரு, கிலோவுக்கு 7,700ன்னு நாம சொல்றது அதத்தான். அப்ப மூணு கிலோவுக்கு 23,100 கலோரி. இத நீங்க ஒருநாளைக்கு எரிக்கிறத விட எவ்வளவு கம்மியா சாப்பிட்டு மிச்சம் பிடிக்கிறீங்களோ அதால வகுக்கணும், அங்கதான் வெசயமே.

மிஃப்ளின் ஃபார்முலான்னு ஒண்ணு உண்டு, எடை, உயரம், வயசு போட்டா ஒடம்பு சும்மா கெடந்தாலே எவ்வளவு எரிக்கும்னு உத்தேசமா சொல்லும். 74 கிலோவுல உங்களுக்கு 1,400 கிட்ட வருது, 63ல 1,290 கிட்ட. நடக்கிறது வீட்டு வேலை எல்லாம் சேத்து 1.4ஆல பெருக்குனா அப்ப 1,950, இப்ப 1,800. நீங்க சித்திரைல இருந்து ஒரே மாதிரி 1,500 சாப்பிடுறீங்கன்னு வைங்க, அப்ப ஒருநாளைக்கு 450 மிச்சம் பிடிச்சீங்க, இப்ப அதே சாப்பாட்டுக்கு 300தான் மிச்சம். நீங்க ஒரு தப்பும் பண்ணல, ஆளு சின்னதாயிட்டீங்க, சின்ன ஆளுக்கு செலவு கம்மி, 11 கிலோ அரிசிச்சாக்க எறக்கி வச்சிட்டு நடக்கீங்கல்லா.

300 இருந்து 60 கிலோவ நெருங்க நெருங்க 260 ஆகும், சராசரி 280 வைங்க, 82 நாள். இது ஒரு நாள் கூட பிசகாம இருந்தா. ஆனா ஏழு மாசம் ஆயாச்சு, கை அளவு கொஞ்சம் தளரும், எல்லாருக்கும் தளரும், தினம் 150 கலோரி கணக்குல வராம உள்ள போனா மிச்சம் 130தான், அப்ப 178 நாள், கிட்டத்தட்ட ஆறு மாசம். முதல்ல 150 பிசகினப்ப உங்களுக்கு தெரிஞ்சே இருக்காது ஏன்னா மிச்சமே 450, இப்ப அதே 150 பாதிய முழுங்கிருது. ஞாயித்துக்கிழமை ஒருநாள் 800 கூடிச்சுன்னா வாரத்துக்கு பிரிச்சா தினம் 115 போச்சு. அதுனால ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை என்னெல்லாம் சாப்பிடுறீங்க? வீட்ல ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை நாள்ல தீருது?

வேணாட்டு ஓட்டக்காரன்:

நர்ஸக்கா சொன்ன கணக்கு கொள்ளாம், ஆனா மெசின நம்பி அஞ்சு வாரம் நிக்குதுன்னு முடிவு பண்ணாதீங்க, என் கதைய கேளுங்க. ரெண்டு வருசம் முன்ன சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் போனேன், முஞ்சிறை திருமலைல தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் பன்னெண்டு கோவில், 110 கிலோமீட்டர் கிட்ட, கைல விசிறி, வாய்ல கோவிந்தா கோபாலா, வழியெல்லாம் மோரும் பானகமும் கஞ்சியும். திரும்பி வந்து ஒரு தூக்கம் போட்டு எந்திச்சு ஆசையோட மெசின்ல ஏறி நின்னேன், போறதுக்கு முன்ன 71.4, வந்த பெறவு 72.9! நானும் இது என்ன எளவுடான்னு எறங்கி மறுபடி ஏறினேன், அதே. கால பாத்தா கணுக்கால் தெரியல, வெரல வச்சு அமுக்குனா குழி விழுது. அடிபட்ட தசைய சரியாக்க ஒடம்பு தண்ணிய பிடிச்சு வைக்கும்னு பெறவுதான் தெரியும். அஞ்சாம் நாள் 70.6.

இப்ப நீங்க சொன்ன நம்பர பாருங்க, 62.8க்கும் 63.4க்கும் நடுவுல 600 கிராம். முந்தின நாள் ராத்திரி கருவாடு சாப்பிட்டா அதுக்கும் மேல காட்டும். வாரத்துக்கு 200 கிராம் கொழுப்பு எறங்குறத 1 கிலோ ஆடுற மெசின்ல எப்படி பாப்பீங்க? கடல்ல அலை அடிக்கும்போது தண்ணி மட்டம் எறங்குதான்னு ஒரே ஒரு அலைய வச்சு பாக்க முடியுமா. தினம் காலைல கக்கூஸ் போயிட்டு வந்து ஒரே எடத்துல வச்சு எடுத்து ஏழு நாள் சராசரி போடுங்க, அத போன வார சராசரியோட பாருங்க.

ராத்திரி டூட்டி:

பொம்பளைங்களுக்கு இதுல இன்னொண்ணு உண்டு, மாசத்தேதிக்கு முன்ன ஒண்ணு ரெண்டு கிலோ தண்ணி ஏறுறது சகஜம், அதுனால போன வாரத்தோட பாக்காம போன மாசம் இதே வாரத்தோட ஒப்பிடுங்க. அப்ப உங்க அஞ்சு வாரம்ங்கிறது உண்மைல ஒரே ஒரு சுத்துதான். தைராய்டு பாத்து ரொம்ப நாளாச்சுன்னா டி.எஸ்.எச்.ங்கிற ரத்த டெஸ்ட் ஒருக்கா எடுத்துருங்க.

கோட்டார் மைனி:

அய்யோ ஞாயித்துக்கிழமைய ஏன் கேட்டீங்க. எழுதி பாத்தேன், எனக்கே வெக்கமா இருக்கு. காலைல பிள்ளைய மிச்சம் வச்ச ஆப்பம் ஒண்ணரை, மத்தியானம் மரச்சீனி கெழங்கு அவிச்சது, அரைச்சு விட்ட மீன் கறி, நெத்திலி பொரிச்சது, சாயந்திரம் அம்மை வீட்டுக்கு போனா ஏத்தம்பழ பஜ்ஜி ரெண்டு, வேண்டாம்னா அம்மை மொகத்த தூக்கி வச்சுக்கிடுவா. அப்புறம் சமைக்கும்போது ருசி பாக்குறது ஒரு கணக்கா, அதையும் எழுதுனேன், தீயலுக்கு தேங்காய வறுக்கும்போது கைல எடுத்து வாயில போடுவேன்ல, அதே ஒரு பிடி வரும்.

எண்ணெய் ஒரு லிட்டர் பத்து நாள் வருது, நாங்க அஞ்சு பேரு. மெசின் அடுக்களைல டைல்ஸ் ஜாயிண்ட் மேல கெடந்துச்சு, அரை அடி தள்ளி வச்சு ஏறினா 400 கிராம் கம்மி! வீட்டுக்காரரு ஒரே சிரிப்பு. டி.எஸ்.எச். போன மாசம்தான் எடுத்தேன், நார்மல்.

ராத்திரி டூட்டி:

கெடச்சாச்சு. ஒரு லிட்டர் எண்ணெய்ல 8,000 கலோரிக்கு மேல, அஞ்சு பேரு பத்து நாள்னா ஆளுக்கு தினம் 160. அதே லிட்டர் பதினாறு நாள் வந்தா 100. தேங்கா துருவல் 100 கிராம்ல 350 கலோரி, நம்ம ஊர்ல தேங்காய நிறுத்த சொன்னா அடிக்க வருவாங்க, நானும் நிறுத்தல, ஒரு முறி போடுற எடத்துல அரை முறி. மீன பொரிக்காம கொழம்புல போடுங்க, சாளையும் அயிலையும் நல்ல புரதம், பசி தாங்கும், தசையும் கரையாது.

மரச்சீனி தின்னுங்க, ஆனா அத சோத்துக்கு பதிலா தின்னுங்க, சோத்தோட சேத்து இல்ல.

2011ல கெவின் ஹால்னு அமெரிக்காவுல ஒருத்தரோட குழு லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகைல ஒரு கணக்கு போட்டாங்க, ஒரு கிலோ நிரந்தரமா கொறைஞ்சு இருக்கணும்னா தினம் 24 கலோரி கொறைவா சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும், ஆனா அந்த மாற்றம் மட்டும்னா பாதி எறங்கவே ஒரு வருசம் ஆகும்னு. மூணு கிலோவுக்கு 72 கலோரி, ஒரு கரண்டி எண்ணெய் கூட இல்ல! வேகமா வேணும்னா கல்யாணம் வரைக்கும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க, கல்யாணம் முடிஞ்ச பெறவு அந்த 72ஐ மட்டும் விட்டுராதீங்க. 1,200க்கு கீழ டாக்டர கேக்காம போகாண்டாம்.

பழைய பி.டி. சார்:

மக்களே, எல்லாரும் எப்ப 60 வரும்னே பேசுதீங்க, 60 எங்க இருந்து வந்துதுன்னு ஒருத்தரும் கேக்கல. கல்யாணத்துக்கு முன்ன இருந்த எடையா? பத்து வருசம் முன்ன உள்ள ஒடம்பா? எடைய உயரத்தோட சேத்து பாக்குற பி.எம்.ஐ. கணக்கு 63ல உங்களுக்கு 25.2, 60ல 24, நம்ம ஆளுகளுக்கு 23க்கு மேல போனாலே கவனமா இருக்கணும்ங்காங்க, அந்த கணக்குக்கு போனா 57 ஆகணும், அதுக்கும் ஒரு முடிவு கெடயாது. இடுப்பு எவ்வளவுன்னு பாத்தியளா? பொம்பளையளுக்கு 80 செ.மீ., ஆம்பிளையளுக்கு 90ன்னு தெற்காசியக்காரங்களுக்கு வச்சிருக்காங்க, சர்க்கரை, நெஞ்சு வெசயத்துக்கு அந்த டேப்தான் மெசின விட ஒழுங்கா பேசும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்ச விட்ட பெறவு, டேப் இறுகாம எடுங்க.

தக்கலை தம்பிக்கு ஒண்ணு. 1944-45ல அமெரிக்காவுல மின்னசோட்டாவுல ஆன்செல் கீஸ்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் 36 ஆம்பிளைய 24 வாரம் அரைப்பட்டினி போட்டு பாத்தாரு. ஆளு மெலிஞ்சாங்க, கூடவே காலு வீங்கிச்சு, எந்த நேரமும் சாப்பாட்டு நெனப்பு, சமையல் புஸ்தகம் சேத்து வச்சு படிச்சாங்க சில பேரு. அவ்வளவு கஷ்டப்பட்டும், பெறவு நல்லா சாப்பிட்டப்ப முன்ன இருந்தத விட கொழுப்பு கூடிப்போச்சு. கஞ்சித்தண்ணி நல்ல சாதனம்தான், சோத்த அதுக்குள்ள போட்டு குடி.

நடக்கிறது மட்டும் போதாது மைனி. வாரத்துல ரெண்டு நாள் கொஞ்சம் பாரம் தூக்குங்க, அஞ்சு லிட்டர் தண்ணி கேன் ரெண்டு போதும். ஞாயித்துக்கிழமை காலைல பிள்ளையளையும் கூட்டிட்டு மருந்துவாழ்மலை ஏறுங்க, பஜ்ஜி தின்னாலும் ஒரு ஞாயம் இருக்கும்.

தக்கலை மாப்ள:

சார் நான் சும்மா சொன்னேன்... நாலுல மூணு திரும்பி வந்துருச்சு, அத அக்கா கண்டுபிடிச்சுட்டா.

கோட்டார் மைனி:

மார்கழி பொறந்தாச்சு, சொல்லிட்டு போவோம்னு வந்தேன். எட்டு வாரம். சராசரி 63.1ல இருந்து 61.6. நடுவுல ஒரு வாரம் 63.5 காட்டிச்சு, முன்னாடின்னா அன்னைக்கே எல்லாத்தையும் விட்டுட்டு சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்சிருப்பேன், தேதிய பாத்தேன், செரின்னு விட்டுட்டேன். இடுப்பு 86 இருந்துச்சு, இப்ப 83.5. எண்ணெய் பதினஞ்சு நாள் வருது, மாமிக்கு மட்டும் தனியா கொஞ்சம் தாளிச்சு ஊத்துகேன், இல்லன்னா வீட்ல சமாதானம் இருக்காது. அம்மைட்ட பஜ்ஜிய ஒண்ணாக்கிட்டேன், மத்தத வீட்டுக்காரரு திங்காரு, அவரு ரெண்டு கிலோ கூடிட்டாரு, அவருக்கு தனியா ஒரு கேள்வி போடணும்.

தை கடைசிக்கு 60 வராதுன்னு தெரியுது, அறுபது புள்ளி ஏழு எட்டுல நிக்கும் போல. இப்ப எனக்கு ஒரே சந்தேகம்தான், பிளவுச இந்த அளவுக்கே தைக்க குடுக்கவா, இல்ல பொங்கல் கழிஞ்சு குடுக்கவா? பொங்கல் கழிஞ்சா தையக்காரி எடுக்க மாட்டேங்கா.

ராத்திரி டூட்டி:

இப்பவே குடுங்க மைனி. உள்ள ஒரு இஞ்சு துணி விட்டு தைக்க சொல்லுங்க, ரெண்டு பக்கமும் உதவும்.