கரி அடுப்பில் பர்கர்: இறைச்சியோடு எதையும் கலக்கலாமா?

உப்புவெளியான்
வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வந்துவிட்டால் உப்புவெளியில் வீட்டுக்கு வீடு கரி அடுப்பு முற்றத்துக்கு வந்துவிடுகிறது. நல்ல விஷயம். ஆனால் அதில் வேகும் பர்கரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், முட்டை, பாண்தூள், இறைச்சிக் கறிக்கான மசாலாத்தூள் எல்லாவற்றையும் கொட்டிப் பிசைந்த பிறகு மாட்டிறைச்சியின் சுவை எங்கே மிஞ்சும்? என் கட்சி இதுதான்: இறைச்சி, கொழுப்பு, உப்பு, மிளகு. வேறொன்றும் வேண்டாம். உப்பைக்கூட உள்ளே சேர்த்துப் பிசையக் கூடாது. அது இறைச்சியின் புரதத்தைக் கரைத்து இறுக ஒட்டவைத்துவிடும். சொசேஜுக்கு அந்த இறுக்கம் தேவை. பர்கர் கடித்ததும் உதிர வேண்டும். வட்டமாகத் தட்டி, அடுப்பில் வைக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் தாராளமாகத் தூவினால் போதும். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

கிண்ணியா ராத்தா
காரணத்தோடுதான் வருகிறேன், தம்பி. நீங்கள் சொல்வது கொழுக்க வளர்த்த மாட்டுக்குப் பொருந்தும். நம் பக்கத்து மாடுகள் வயலிலும் காட்டோரத்திலும் மேய்ந்து திரிபவை. அந்த இறைச்சியை வெறும் உப்போடு தணலில் போட்டால் சக்கையாகிவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். சூடு பட்டதும் அழிந்துவிடும். அரைக்கும்போதோ அது உள்ளே வரை கலந்துவிடுகிறது. ஆகவே பர்கரின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸை எட்டியே ஆக வேண்டும். அவ்வளவு வெந்த பிறகும் சாறு நிற்க வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. ஓரம் நீக்கிய பாண் துண்டைப் பாலில் ஊறவைத்து, மசித்துச் சேருங்கள். அந்தப் பசை புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதைத் தடுக்கிறது, ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. இறைச்சியை மிச்சப்படுத்துவதற்காக நான் பாண் சேர்க்கவில்லை.

உப்புவெளியான்
71 பாகை விஷயத்தில் உங்களோடு முழு உடன்பாடு, ராத்தா. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீட்டில் அதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஆனால் இறைச்சி மெலிந்திருந்தால் சேர்க்க வேண்டியது பாண் அல்ல, கொழுப்பு. 800 கிராம் இறைச்சிக்கு 200 கிராம் கொழுப்பு என்று கணக்கு வையுங்கள். இறைச்சிக் கடையில் நெஞ்சுப் பகுதியைக் கேளுங்கள்; அதுவும் மெலிவாக இருந்தால் கொழுப்பைத் தனியே கேட்டு வாங்குங்கள். இரண்டையும் நன்றாகக் குளிரவைத்து அரையுங்கள். கை வெப்பத்திலேயே கொழுப்பு உருகத் தொடங்கிவிட்டால் பாதிச் சுவை பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கரி அடுப்புக்கு இந்தக் கொழுப்புதான் உயிர். கரியின் மணம் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் கரியிலிருந்து வருவதில்லை. உருகிய கொழுப்பும் சாறும் தணலில் சொட்டி, ஆவியாகவும் புகையாகவும் எழுந்து மறுபடி இறைச்சியில் படிகிறதே, அதுதான் அந்த மணம். கொழுப்பில்லாத இறைச்சியை எரிவாயு அடுப்பிலேயே சுட்டுவிடலாம்.

நிலாவெளித் தணல்
இருவரும் பாத்திரத்தை விட்டு வெளியே வாருங்கள். இங்கே பர்கர் கெடுவது நெருப்பினால். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த அடுப்புக் கரி கண்டபடி சீறும். மேற்புறம் கருகும், நடு வேகாது. காற்றுக்கு ஒரு தகர மறைப்பு வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சிரட்டைக்கரி கிடைத்தால் அதுவே நல்லது, புகை குறைவு. மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். அந்த வாடை இறைச்சியில் ஏறும். காய்ந்த பொச்சும் பன்னாடையும் போதும். கரிமீது சாம்பல் வெள்ளையாகப் படரும்வரை பொறுத்திருங்கள். பிறகு கரியை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். சூடான பக்கத்தில் நிறம் ஏறட்டும்; கொழுப்பு விழுந்து சுவாலை எழுந்தால் உடனே மறுபக்கத்துக்கு நகர்த்தலாம்.

வைத்ததும் கிளற வேண்டாம். முதலில் கம்பியோடு ஒட்டித்தான் இருக்கும். ஓரம் பழுத்து, மேற்பரப்பில் சிறு சாற்றுத் துளிகள் அரும்பும்போது தட்டகப்பையைக் கொடுத்தால் தானாகக் கழன்று வரும். அப்போது திருப்புங்கள். அகப்பையால் அழுத்தும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சீறும் சத்தம் கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் சீறுவது உங்கள் சாறு.

கிண்ணியா ராத்தா
நெருப்பைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி, நானா. தட்டும்போது நடுவில் பெருவிரலால் ஒரு குழியும் போடுங்கள். இல்லாவிட்டால் வேகும்போது நடு உப்பிவிடும். ஆனால் தம்பி, வெங்காயத்தை நான் விட மாட்டேன்.

உப்புவெளியான்
பச்சை வெங்காயம் தண்ணீர் விடும், ராத்தா. மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை சூடு 100 பாகையைச் சுற்றியே நிற்கும். அந்தப் பழுப்பு நிறமும் மணமும் நன்றாக ஏற 140 பாகைக்கு மேல் போக வேண்டும். நம் சுவை வேண்டுமென்றால் பணிஸை வெட்டித் தணலில் வாட்டி, சீனிச்சம்பலை மேலே வையுங்கள். வெங்காயம், மாசி, மிளகாய், புளி எல்லாம் அதில் இருக்கின்றன. இறைச்சி இறைச்சியாகவே இருக்கட்டும்.

கிண்ணியா ராத்தா
சீனிச்சம்பல் நல்ல யோசனை, அதை எடுத்துக்கொள்கிறேன். வெங்காயத்தை வதக்கி, ஆறவைத்துச் சேர்த்தால் உங்கள் தண்ணீர் வாதமும் நிற்காது. பாண் பசையிலும் நான் மாறவில்லை. எங்கள் வீட்டில் நன்றாக வெந்ததைத்தான் சாப்பிடுவோம்.

கோணமலை அம்மா
எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. கோழியில் இதே முறை சரிவருமா, பிள்ளைகளே?

நிலாவெளித் தணல்
வரும், அம்மா. நெஞ்சை விட்டுத் தொடைப் பகுதியைத் தோலோடு அரையுங்கள்; கொழுப்பு அங்கேதான் இருக்கிறது. கோழிக்கு 74 பாகை வேண்டும். கலவை இளகலாக இருக்கும் என்பதால் ராத்தா சொன்ன பாண் பசையைச் சேர்த்து, தட்டிய பின் ஒரு மணி நேரம் குளிரில் வையுங்கள். கம்பிக்கு எண்ணெய் தடவ மறக்காதீர்கள்.

உப்புவெளியான்
கோழிக்குப் பாண் பசை சேருங்கள், அம்மா, அதில் எனக்கு மறுப்பில்லை. மாட்டிறைச்சிக்கு மட்டும் வேண்டாம்.