ஆங்கிலம் கெடுகிறதா, மாறுகிறதா?

சாக்பீஸ்: 30 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நேற்று பேத்தி சொல்கிறாள்: "தாத்தா, வெயில்ல லிட்டரலி செத்துட்டேன்." லிட்டரலி என்றால் 'நிஜமாகவே' என்று பொருள். செத்தவள் எதிரில் உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சரி, அகராதியைக் காட்டித் திருத்தலாம் என்று பார்த்தால், சும்மா அழுத்தத்துக்குச் சொல்வதும் ஒரு பொருள் என்று அதிலேயே போட்டிருக்கிறார்கள். நூறு பேர் செய்தால் பிழை சரியாகிவிடுமா?

ஸ்லிப் ஃபீல்டர்: ஆகிவிடும் சார், ஆகியிருக்கிறது. ஏப்ரன் என்கிறோமே, அது முதலில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, காதில் 'அன் ஏப்ரன்' என்று விழுந்துவிட்டது. அதன் உறவுக்காரச் சொல்லான நாப்கினில் 'ந' தங்கியது, இதில் ஓடிப்போனது. அம்பயரும் இதே வழியில் 'ந'வைத் தொலைத்தவர்தான்.

சாக்பீஸ்: அதெல்லாம் வரம்பு இல்லாத காலத்துக் கதை தம்பி. அப்போது பட்ட பாட்டையும் கேளுங்கள். இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார். காற்று இல்லாமல் தேம்ஸில் கப்பல் நின்றுவிட, வணிகர்கள் கரையிறங்கி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள். ஒருவர் 'எக்ஸ்' வேண்டும் என்கிறார். வீட்டம்மா, "எனக்கு பிரெஞ்சு தெரியாது" என்கிறாள். அவருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாதே! இன்னொருவர் 'ஐரன்' என்றதும்தான் முட்டை என்று புரிகிறது. சொந்த நாட்டில் முட்டை கேட்டு வாங்க முடியவில்லை!

ஸ்லிப் ஃபீல்டர்: சார், இது என் கட்சிக்குச் சாட்சி. பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அந்த அம்மாவுக்குப் புரிந்த ஐரன்தான். 'எக்' ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளோடு வந்து இங்கிலாந்தின் வடக்கே குடியேறியது. கடைசியில் ஜெயித்தது வந்தேறிதான். இன்று ஐரன் கேட்டால் இஸ்திரிப்பெட்டிதான் வரும்.

மோர்க்குழம்பு: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். 1476-இல் அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்தது. வாய் உறையவில்லை. 'நாமெ' என்று சொன்னது 'நேம்' ஆனது. எழுத்து பழைய இடத்திலேயே நிற்கிறது. படைவீரன் என்று பொருள்படும் 'நைட்'டில் வரும் 'கே' வெறும் அலங்காரம் இல்லை, ஒரு காலத்தில் அதையும் உச்சரித்தார்கள். ஆனால் கடனைக் குறிக்கும் 'டெட்'டில் உள்ள 'பி' வேறு கதை. லத்தீன் மூலத்தைக் காட்ட, படித்தவர்கள் சொருகியது. 'ஐலண்ட்'டில் 'எஸ்' இன்னும் மோசம். லத்தீன் வழி வந்த 'ஐல்' என்ற சொல்லோடு உறவு என்று நினைத்துச் சேர்த்தார்கள். உறவே கிடையாது. பாமரன் பிழையைத் திட்டுகிறோம், பண்டிதர் பிழைக்கு டிக்டேஷன் வைக்கிறோம்.

சாக்பீஸ்: அந்த 'எஸ்'ஸை விட்டதற்கு எத்தனை பிள்ளைகளைப் பத்துத் தரம் எழுத வைத்திருக்கிறேன்! சரி, அது போகட்டும். லிட்டரலி போய்விட்டால், நிஜமாகவே நடந்ததைச் சொல்ல என்ன சொல் மிச்சம்?

ஸ்லிப் ஃபீல்டர்: 'வெரி' என்றாலே முதலில் 'உண்மையான' என்றுதான் பொருள். இன்று வெறும் 'ரொம்ப'. அது போனதற்கு யாரும் அழவில்லையே? பேத்தி தமிழில் "நிஜமாவே செத்துட்டேன் தாத்தா" என்றிருந்தால் திருத்தியிருப்பீர்களா?

சாக்பீஸ்: திருத்தியிருக்க மாட்டேன். இன்னொரு ஐஸ் வாங்கிக் கொடுத்திருப்பேன். ஆனால் பரீட்சைத் தாளில் லிட்டரலி செத்தால் அரை மார்க் கட்.