பதவியைப் பாதியில் விட்டவருக்கு மறுபடி ஓட்டு விழுமா?

மயிலை மாடவீதி:
பதவிக்காலம் முடியறதுக்குள்ள ராஜினாமா பண்ற அரசியல்வாதி தனக்குத் தானே வேட்டு வெச்சுக்கறார். இதான் என் கட்சி. அமெரிக்காவோட சாரா பேலினைப் பாருங்க. 2008ல குடியரசுக் கட்சியோட துணை அதிபர் வேட்பாளர். அலாஸ்கா கவர்னர் பதவியில இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருக்கறப்பவே, 2009 ஜூலையில கிளம்பிட்டார். 2022ல அதே மாநிலத்துல நாடாளுமன்றத்துக்கு நின்னார், டிரம்ப் ஆதரவு வேற. ஆகஸ்ட் இடைத்தேர்தல், நவம்பர் பொதுத்தேர்தல்னு ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ஜனநாயகக் கட்சியோட மேரி பெல்டோலாகிட்ட தோத்தார். விட்டுட்டுப் போனவங்கங்கற பேச்சு 13 வருஷம் ஆகியும் போகலை.

கரோல்பாக் கண்ணன்:
அங்கே குடியரசுக் கட்சி ஓட்டு பேலினுக்கும் அதே கட்சி நிக் பெகிச்சுக்கும் பிரிஞ்சுது சார். ராஜினாமா மேல பழி போடாதீங்க.

மயிலை மாடவீதி:
அலாஸ்காவுல கடைசியா வந்து வெளியேறினவருக்குப் போட்டவங்களோட இரண்டாம் விருப்பத்தையும் எண்ணுவாங்க. ஆகஸ்ட் தேர்தல்ல பெகிச்சுக்குப் போட்டவங்கள்ல சுமார் பாதிப் பேர்தான் அடுத்த விருப்பமா பேலினைக் குறிச்சாங்க. சொந்தக் கட்சிக்காரனே நம்பலை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

கரோல்பாக் கண்ணன்:
சரி, எங்க டில்லிக்கு வாங்க. 2014 பிப்ரவரி 14. ஊழலை விசாரிக்கிற ஜன லோக்பால் மசோதாவைச் சபையில வைக்க விடலைன்னு கேஜ்ரிவால் 49 நாள்ல முதல்வர் பதவியை விட்டார். ஓடுகாலின்னு ஊரே சிரிச்சுது. மே மாசம் டில்லியில 7 மக்களவைத் தொகுதியும் போச்சு. வாரணாசியில மோடிகிட்ட 3 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல தோத்தார். கதை முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் எழுதினாங்க. ஆனா டில்லியில அவரோட ஆம் ஆத்மி கட்சி ஓட்டு சதவீதத்தை யாரும் பார்க்கலை. 2013 டிசம்பர் சட்டமன்றத் தேர்தல்ல சுமார் 29.5, அந்த மே மாசத் தோல்வியில சுமார் 33! ஏறித்தான் இருக்கு. அப்புறம் மனுஷன் தெருத் தெருவாப் போய், விட்டது தப்பு, மன்னிச்சிருங்க, இனிமே விடமாட்டேன்னு கேட்டார். 2015 பிப்ரவரி சட்டமன்றத் தேர்தல்ல 70க்கு 67.

வாரங்கல் வாசு:
நான் இருக்கிற தெலங்கானாவில் ராஜினாமா என்பது தேர்தல் ஆயுதம். 2006இல் காங்கிரசின் சத்தியநாராயண ராவ், விலகி மறுபடி ஜெயித்துக் காட்டு என்று சவால் விட்டதும், தனி தெலங்கானா கேட்ட டி.ஆர்.எஸ். கட்சித் தலைவர் கே.சி.ஆர். (சந்திரசேகர ராவ்) கரீம்நகர் எம்.பி. பதவியைத் துறந்தார், இடைத்தேர்தலில் 2 லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். ருசி கண்டுவிட்டார். 2008இல் தம் கட்சி எம்.எல்.ஏ.க்களையும் எம்.பி.க்களையும் சேர்த்து விலக வைத்தார். 16 சட்டமன்றத் தொகுதிகளில் 7தான் மிஞ்சின. அவருடைய சொந்த வித்தியாசமே சுமார் 15 ஆயிரமாகச் சுருங்கியது. அதே ஆள், அதே கோரிக்கை. 2010இல் தனி மாநிலப் போராட்டம் கொதித்துக் கொண்டிருந்தபோது மறுபடி எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா. 12 இடங்களில் 11 அவர் கட்சிக்கு, ஒன்று பாஜகவுக்கு. ராஜினாமாவை ஜனங்கள் தனியாக எடை போடுவதில்லை. எதற்காக விட்டான், அந்தக் காரணம் எங்கள் வீட்டுக் காரணமா என்றுதான் பார்க்கிறார்கள்.

மயிலை மாடவீதி:
காரணம் நல்லா இருந்தா போதுமா? அப்ப கேஜ்ரிவாலோட ரெண்டாவது ராஜினாமாவுக்கு என்ன சொல்றீங்க? 2024 செப்டம்பர்ல மதுக் கொள்கை வழக்குல ஜாமீன்ல வந்தார், நேர்மைக்கு ஜனங்க சான்றிதழ் கொடுத்தாத்தான் நாற்காலியில உட்காருவேன்னார். ஆதிஷி முதல்வர் ஆனாங்க. அவர் நாற்காலியைக் காலியா வெச்சுப் பக்கத்துல வேற நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்க. 2025 பிப்ரவரியில புது டில்லித் தொகுதியில அவரே 4,089 ஓட்டுல தோத்தார். கட்சிக்கு 70ல 22.

கரோல்பாக் கண்ணன்:
அதை ராஜினாமான்னே நான் ஒத்துக்கமாட்டேன். தலைமைச் செயலகத்துக்குப் போகக் கூடாதுன்னு ஜாமீன்லயே நிபந்தனை. கையெழுத்துப் போட முடியாத முதல்வர் விட்டது தியாகமா? 2014ல கையில இருந்ததை விட்டார். 2024ல கையில ஒண்ணுமில்லை. அதோட பத்து வருஷ ஆட்சி மேல இருந்த சலிப்பு, யமுனைத் தண்ணி, மதுக் கொள்கை வழக்கு எல்லாம் சேர்ந்துதானே அடிச்சுது.

சும்மா ஒருத்தன்:
காமராஜர் 1963ல விட்டாரே?

வாரங்கல் வாசு:
அவர் விலகியது அகில இந்தியக் காங்கிரஸ் தலைமைக்கு. இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தார். 1967 விருதுநகர்த் தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் காரணம். இந்தக் கணக்கில் சேராது.

மயிலை மாடவீதி:
மகாராஷ்டிர முதல்வரா இருந்த சிவசேனாவோட உத்தவ் தாக்கரே சேருவாரா? ஷிண்டே கட்சியை உடைச்சதும், 2022 ஜூன்ல ஆளுநர் நடத்தச் சொன்ன நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முந்தின ராத்திரியே விலகிட்டார். 2023ல உச்ச நீதிமன்றம், ஆளுநர் பண்ணது தப்புதான், ஆனா நீங்களா விலகிட்டதால பழைய நிலையைத் திருப்பித் தர முடியாதுன்னுது. தோக்கறதா இருந்தாலும் சபையில தோத்திருக்கணும்.

கரோல்பாக் கண்ணன்:
அது கோர்ட் கணக்கு சார். ஓட்டுக் கணக்கு வேற. 2024 மக்களவையில உத்தவ் 9 சீட், ஷிண்டே 7.

மயிலை மாடவீதி:
நவம்பர் சட்டமன்றத்தையும் சொல்லுங்க. உத்தவ் 95 தொகுதியில நின்னு 20. ஷிண்டே 57.