மல்ரிலெவல் லிஸ்ற்றுக்குத் தமிழ்: மட்டமா, அடுக்கா, நிரலா?

கோப்பாய், கணினிப்பாட ஆசிரியை:

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

உயர்தர மாணவர் தங்கள் செயற்றிட்ட அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்யும்போது தலைப்பு இலக்கங்கள் குழம்பிப்போவதை எவ்வாறு சரிசெய்வது என்பது பற்றி நான்கு பக்கக் கையேடொன்றை எழுதியுள்ளேன். வருகிற வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். உள்ளடக்கம் முடிந்துவிட்டது. தலைப்புத்தான் முடியவில்லை. 1, 1.1, 1.1.1 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் அந்த இலக்கமுறையை, வேர்ட் மென்பொருளில் மல்ரிலெவல் லிஸ்ற் என்று காண்பதை, தமிழில் எப்பெயரால் அழைப்பது?

சென்ற ஆண்டுக் கையேட்டில் ‘உப இலக்கப் பட்டியல்’ என்று எழுதினேன். அதனால் வந்த வினையை ஆண்டு முழுவதும் அனுபவித்தேன். உப இலக்கம் என்றவுடன் அது தலைப்புக்கு முன்னால் தட்டச்சுச் செய்ய வேண்டிய ஓர் எழுத்துத் துண்டு என்று பிள்ளைகள் விளங்கிக்கொண்டார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பில் ‘2’ என்பதைக் கையால் அடித்து, எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினார்கள். அதன் கீழ் வந்த பிரிவுகளுக்கு மட்டும் தன்னியக்க இலக்கத்தைக் கொடுத்தார்கள். இரண்டாம் அத்தியாயம் தொடங்கிவிட்டது என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அது 1.4, 1.5 என்று தன்பாட்டில் எண்ணிக்கொண்டு போனது. அதைப் பார்த்துப் பயந்த பிள்ளைகள் ஒவ்வொரு தலைப்பிலும் வலச்சொடுக்குச் செய்து ‘1இலிருந்து தொடங்கு’ என்பதைத் தெரிந்தார்கள்; நடுவில் புதிய பிரிவொன்றைச் சேர்த்தபோது அதுவும் சிதறியது. ஆகவே இலக்கம் வரிக்கு உரியதன்று, அவ்வரி நிற்கும் நிலைக்கு உரியது என்பதைப் பெயரே சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆசிரியை அவர்களுக்கு, நீங்கள் தேடும் பொருள் நமக்குப் புதிதன்று. நூலின் உறுப்புகளைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்கு படியாகத் தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்துவைத்திருக்கிறார். சூத்திரம் ஓத்தில் அடங்கும், ஓத்து படலத்தில் அடங்கும், இம்மூன்றையும் அடக்கியது பிண்டம். ஓத்துக்கு இலக்கணம் கூறும்போது ‘நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு’ என்கிறார். நிரல்பட என்னும் சொல்லைக் கவனியுங்கள். ஒத்த மணிகளை ஒழுங்காகக் கோத்து வைப்பதே நிரல். நாம் கூட்ட அழைப்பிதழில் அச்சிடும் நிகழ்ச்சி நிரல் இலக்கமிட்ட வரிசையன்றி வேறென்ன? நிரல்நிறை அணியும் முறை பிறழாத வரிசையைக் குறிப்பதே. எனவே ‘படிநிரல்’ என்பது சாலப் பொருந்தும். தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களும் அதிகாரத்துக்கு ஒன்பது இயலாக அமைந்திருப்பதும், தங்கள் மென்பொருளில் ஒன்பது மட்டங்கள் இருப்பதாக என் பேரன் கூறுவதும் வியப்பளிக்கும் பொருத்தம்.

பருத்தித்துறை, மென்பொருள் பொறியியலாளர்:

ஐயா அவர்களின் மேற்கோளைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அந்த ஒன்பதும் இந்த ஒன்பதும் ஒன்றல்ல. தொல்காப்பியத்தில் ஓர் அதிகாரத்துக்குள் பக்கத்துக்குப் பக்கமாக ஒன்பது இயல்கள் உள்ளன. அதாவது ஒரே மட்டத்தில் ஒன்பது உருப்படிகள். வேர்ட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஒன்பது மட்ட ஆழம் உண்டு, அதுபோன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஒபிஸில் பத்து. மட்டக் கணக்கில் பார்த்தால் அதிகாரம், இயல், நூற்பா என்று தொல்காப்பியம் மூன்று மட்டத்தோடு நின்றுவிடுகிறது.

‘நிரல்’ என்பதில் எனக்குள்ள மறுப்பு இலக்கணம் சார்ந்ததன்று. கணித பாடத்தில் நிரை என்றால் கிடைவரிசை, நிரல் என்றால் நிலைவரிசை என்று ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே பிள்ளை படித்துவிடுகிறது. அதே மென்பொருளில் அட்டவணையின் நிரலைச் சேர்க்கவும் நீக்கவும் கட்டளைகள் உள்ளன. ‘படிநிரலைத் தெரிக’ என்று கையேட்டில் எழுதினால் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் அட்டவணைக்குத்தான் போவார்கள். போதாததற்குக் கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்கிறோம். ஒரே பாடத்தில் மூன்று நிரல்கள் தாங்காது.

‘பன்மட்டப் பட்டியல்’ என்பதே என் முன்மொழிவு. மட்டம் என்ற சொல்லை நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கத் தேவையில்லை. கோட்ட மட்டத்தில் வென்றவர் வலய மட்டத்துக்கும், அங்கிருந்து மாகாண மட்டத்துக்கும், பிறகு தேசிய மட்டத்துக்கும் போவதை விளையாட்டுப் போட்டி நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறார்கள். ஒரு மாகாணத்துக்குள் பல வலயங்கள், ஒரு வலயத்துக்குள் பல கோட்டங்கள். வலயம் மாறினால் கோட்டங்களின் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆசிரியை கேட்பது இதைத்தானே?

சுன்னாகம் (தற்போது சென்னை):

இங்கே ‘மட்டம்’ என்றால் தரக்குறைவு. வகுப்புக்குப் போகாமல் ஊர்சுற்றுவதை மட்டம் போடுவது என்பார்கள். கையேடு இணையத்தில் ஏறினால் இங்குள்ளவர்களும் படிப்பார்கள் என்பதை நினைவிற்கொண்டு, இரு கரையிலும் விளங்கக்கூடிய ‘பல்நிலைப் பட்டியல்’ என்பதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். சொற்செயலி என்று இங்கு ஒரே சொல்லில் முடிவதை நாம் சொல் முறைவழிப்படுத்தல் என்று நீட்டி முழக்குவது போல, இதிலும் தனிவழி போக வேண்டுமா?

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பல்நிலை என்பது புணர்ச்சி அறியாத எழுத்து. நல் என்பதும் நூல் என்பதும் சேர்ந்து நன்னூல் ஆனது போல, இது பன்னிலை என்றே வரும். தொழில்நுட்பம் என்று அக்கரையார் எழுத, தொழினுட்பம் என்று நம் பாடநூல்கள் இன்றளவும் அச்சிட்டு வருவது இந்த விதியைக் காப்பதற்காகவே. பன்னிலை என்று எழுத மனம் வராதவர் ‘நிலை’ என்னும் சொல்லையே விட்டுவிடட்டும்.

மட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். மட்டு என்பது அளவு. மட்டுப்படுத்தல், மட்டுமட்டாக, மட்டப்பலகை ஆகிய யாவும் அதன் வழிவந்தவை என்பது என் துணிபு. மட்டக்களப்பின் பெயரையும் மட்டமான களப்பு என்று பொருள்கொள்வார் உளர்; அங்கே மட்டம் என்பது ஏற்றத்தாழ்வின்மை. ஏற்றத்தாழ்வு இல்லாததைக் குறிக்கும் சொல்லால் ஏறி இறங்கும் படிகளைக் குறிப்பது எங்ஙனம் பொருந்தும்? மேசன் மட்டம் பார்ப்பது மேடுபள்ளத்தைப் போக்குவதற்கல்லவா?

சாவகச்சேரி, தட்டச்சு நிலைய உரிமையாளர்:

ஐயாமாருக்கு வணக்கம். ஆய்வேடு கட்டக் கொண்டுவருகிறவர்களில் எவரும் பன்மட்டம் என்றோ நிரல் என்றோ கேட்டதில்லை. “அண்ணை, நம்பர் குழம்பிப்போச்சு” என்பார்கள். தெரிந்தவர் மல்ரிலெவல் என்பார், கொழும்பில் படித்தவர் மல்டிலெவல் என்பார். ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டாலும் எழுத்துக்கூட்டலில் இதே சண்டை வரும் என்பதால் தமிழில் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ‘அடுக்கிலக்கம்’ என்றால் யாருக்கும் விளங்கும். அடுக்குப்பானையைப் பார்க்காத வீடு உண்டா?

பெயரைவிட அவசரமான ஒன்றையும் சொல்ல வேண்டும். சில கோப்புகளில் தலைப்பு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெட்டி மட்டும் தெரியும். கோப்பே பழுதாகிவிட்டது என்று எண்ணிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறார்கள். பெட்டிக்கு வலப்பக்கத்தில் சுட்டியை வைத்து, பெட்டி சாம்பல் நிறமாகும் வரை இடது அம்புச் சாவியை அழுத்தி, பின்பு கொன்ரோல், சிப்ற், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் பாணியை, அதாவது அத்தலைப்புக்கென வகுத்துவைத்த வடிவமைப்பை, மீளப் பிரயோகிக்கச் சொன்னால் இலக்கம் திரும்பி வரும். இதைக் கையேட்டில் கட்டாயம் சேருங்கள்.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு என்னும் எல்லைவரைதான் அடுக்கும் என்று நன்னூலார் வரம்பு கட்டியுள்ளார். அதுவும் ஒரே சொல்லே திரும்ப வருவது. ஒன்பது வரை போகும் பொருளுக்கு அடுக்கு எவ்வாறு இசையும்?

மானிப்பாய், மொழிபெயர்ப்பாளர்:

நன்னூலார் அடுக்குத்தொடருக்குச் சொன்ன வரம்பு அடுக்குமல்லிகைக்கோ அடுக்குமாடிக்கோ செல்லாது என்பதை ஐயாவே அறிவார். அதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மருத்துவர் சாமுவேல் கிறீன், உடலின் அமைப்பைப் பற்றிய கல்விக்கு அங்காதிபாதம் என்றும், உடலை அறுத்துச் செய்யும் மருத்துவத்துக்கு இரணவைத்தியம் என்றும் பெயர் வழங்கினார். இன்று வைத்தியசாலையில் இரண்டாவதைச் சத்திரசிகிச்சை என்கிறோம். முதலாவதைச் சொன்னால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயினும் அச்சொற்களைக் கொண்டுதான் அவரிடம் படித்தவர்கள் படித்து முடித்தார்கள். நாமும் வெள்ளிக்கிழமைக்குரிய சொல்லைத்தான் தேடுகிறோம்.

இதுவரை எல்லோரும் முன்சொல்லைப் பற்றியே பேசினோம். எனக்கு இடறுவது பின்சொல்லாகிய ‘பட்டியல்’. பட்டியல் என்றால் பலசரக்குக் கடைத் துண்டு நினைவுக்கு வரும். உருப்படிகள் அடுத்தடுத்து நிற்கும் ஒன்றையே அது காட்டுகிறது. ஓர் அறிக்கையின் அத்தியாயத் தலைப்புக்கும் அடுத்த தலைப்புக்கும் இடையில் பத்துப் பக்கம் உரைநடை கிடக்கும்போது, அதைப் பட்டியல் என்று எந்தப் பிள்ளை நினைக்கும்? நினைக்காததனால்தான் அத்தியாயத் தலைப்பைப் பட்டியலுக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஊகம். இங்கே பெயரிட வேண்டியது பொருளை அன்று, செயலை. ‘பன்மட்ட இலக்கமிடல்’ என்று சொல்லிப் பாருங்கள். இலக்கம் வடமொழி என்று யாரும் தொடங்க வேண்டாம். அடையாள அட்டை இலக்கம், வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் என்று நாளாந்தம் எழுதுகிறோம், எண்ணிடல் என்று மாற்றினால் எண்ணெயிடல் என்று வாசிப்பவரும் இருப்பார்.

கோப்பாய், கணினிப்பாட ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. பட்டியலைப் பற்றி மானிப்பாய் அம்மா கூறியதை நேற்றே வகுப்பில் பரீட்சித்துப் பார்த்தேன். ‘உங்கள் அறிக்கையில் பட்டியல் எங்கே இருக்கிறது’ என்று கேட்டபோது, பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் பின்னிணைப்பிலுள்ள உபகரணப் பட்டியலைக் காட்டினார்கள். ‘இலக்கமிட்ட இடம் எங்கே’ என்றபோது அனைவரும் தலைப்புகளுக்குப் போனார்கள். எனவே பின்சொல் இலக்கமிடல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முன்சொல்லில் தனி மடல்களையும் சேர்த்து எண்ணினால் மட்டத்துக்கு ஐவர், அடுக்குக்கு மூவர், நிலைக்கு இருவர், படிக்கு ஐயா ஒருவர். களைத்துப்போன நிலையில் மட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். கையேட்டின் பெயர் ‘பன்மட்ட இலக்கமிடல்: குழப்பங்களும் தீர்வுகளும்’. முதலாம் பக்கத்தில் இவ்வாறு எழுதியுள்ளேன்: “எந்தத் தலைப்பிலும் இலக்கத்தைக் கையால் தட்டச்சுச் செய்ய வேண்டாம். முதலாம் மட்டத்தை முதலாம் தலைப்புப் பாணியுடனும், இரண்டாம் மட்டத்தை இரண்டாம் தலைப்புப் பாணியுடனும் ஒருமுறை இணைத்துவிட்டால், அத்தியாயம் மாறும்போது கீழ்மட்ட இலக்கங்கள் தாமாகவே ஒன்றிலிருந்து தொடங்கும். வேறு கோப்பிலிருந்து பந்தியை ஒட்டும்போது வடிவமைப்பை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் ஒட்டுங்கள். இல்லையேல் அக்கோப்பின் இலக்கமிடலும் உடன்வந்து உங்களுடையதோடு கலந்துவிடும்.” கறுப்புப் பெட்டியையும் சேர்த்துவிட்டேன், அண்ணைக்கு நன்றி.

ஒன்று மட்டும் தீரவில்லை. இலக்கத்தை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கச் செய்யும் கட்டளைக்கு ‘மீளத் தொடங்கல்’ என்று எழுதினேன். நின்றுபோன கணினியை மறுபடி இயக்குவதற்கும் அதே சொல்லை வேறு பாடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். மாணவி ஒருத்தி அதை வாசித்துவிட்டுக் கணினியை நிறுத்திப் போட்டாள். இதற்கு வியாழன் இரவுக்குள் யாராவது ஒரு சொல் தந்தால் நல்லது.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘முதற்றொடக்கம்’ எனலாம். றகரம் இரட்டித்திருப்பதைத் தட்டச்சு நிலையத்துத் தம்பி பிழையென்று திருத்திவிடாமற் பார்த்துக்கொள்ளவும். மட்டம் பற்றிய என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்; என் பிரதியில் படிநிரல் என்று பேனாவால் எழுதிக்கொள்வேன்.