வலப்பக்கம் ஒரு குணம், இடப்பக்கம் வேறு குணம்: டூரிங் காரை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ரிமோட்டால் ஓட்டும் 1/10 அளவிலான, 190 மி.மீ. அகலமுள்ள மின்சார டூரிங் மாதிரிக் காரைக் கார்ப்பெட் தளத்தில் ஓட்டுகிறேன். கார்பன் ஃபைபர் சேசிஸ் (அடித்தட்டு), இரண்டு பெல்ட்களில் இயங்கும் நான்கு சக்கர இயக்கம், முன்பக்கம் ஸ்பூல் (இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழற்றும் அச்சு), பின்பக்கம் கியர் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு), 17.5 சுற்று பிரஷ்லெஸ் மோட்டார். எங்கள் பிரிவில் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) பிளிங்கி முறையில்தான், அதாவது மோட்டாரைக் கூடுதலாக வேகப்படுத்தாத முறையில்தான், இருக்க வேண்டும். டயர்களும் ரப்பராகவே இருக்க வேண்டும்.

வலப்பக்க வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினாலும் கார் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது. இடப்பக்க வளைவுகளிலோ, த்ராட்டிலைத் தொட்டவுடன் பின்பக்கம் வீசிவிடுகிறது. முன் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் வலப்பக்கம் சற்றுத் தேறுகிறது. ஆனால் இடப்பக்கத்தில் காரைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் இடப்பக்கம் அடங்கி, வலப்பக்கம் மேலும் கெடுகிறது. போதாக்குறைக்கு, ஐந்து நிமிடப் பந்தயம் முடியும்போது மோட்டாரில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியிருக்கிறது.

இப்போதைய அமைப்பு: கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) முன்னும் பின்னும் மைனஸ் 2 பாகை, பின் டோ-இன் (சக்கரங்களின் முன்முனை உள்நோக்கித் திரும்பும் கோணம்) 3 பாகை, தரை இடைவெளி 5.2 மி.மீ., ஸ்பர் (பினியனால் சுழலும் பெரிய பற்சக்கரம்) 96 பல், பினியன் (மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரம்) 52 பல், காரின் உள் விகிதம் (ஸ்பருக்கும் சக்கரத்துக்கும் இடையிலானது) 1.9. இரு பக்கமும் ஒரே மாதிரி திரும்ப வைக்க எந்த ஸ்பிரிங்கை, எந்த ஷாக் எண்ணெயை முயல வேண்டும் என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நண்பரே, ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இரு பக்கமும் ஒரே பாகத்தைப் பொருத்திச் செய்யும் எந்த மாற்றமும் இரு பக்க வளைவுகளையும் ஒரே திசையில்தான் நகர்த்தும். ஒரு பக்கம் தள்ளுவதும் மறுபக்கம் வீசுவதும் செட்டப்பின் குறை அல்ல. கார் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். ஓட்டுநர்கள் ட்வீக் என்று சொல்வது இதைத்தான்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் காரில் இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் கூடுதல் எடையைத் தாங்குகின்றன என்றே கருதுகிறேன். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். ஏற்கெனவே அதிகம் சுமக்கும் இடது முன் சக்கரத்தின் மேல் மேலும் சுமை ஏறும். வலது முன் சக்கரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. டயரின் பிடிப்பு சுமைக்கு நேர் விகிதத்தில் வளர்வதில்லை. சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே ஒரே டயரில் சுமை குவியும் அச்சு மொத்தப் பிடிப்பில் நட்டப்படுகிறது, முன்பக்கம் தள்ளுகிறது. இடப்பக்கம் திரும்பும்போது இதே கதை பின் அச்சில் நடப்பதால் பின்பக்கம் வீசுகிறது.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் ஷாக்குகளையும் (அதிர்வு தாங்கிகள்) ஆன்டி-ரோல் பார் (கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்புகளையும் கழற்றி, நான்கு ஆர்ம்களையும் (சக்கரத்தைத் தாங்கும் கைகள்) ஒவ்வொன்றாகத் தூக்கி விடுங்கள். ஒவ்வொன்றும் தன் எடையாலேயே தடையின்றிக் கீழே விழ வேண்டும். எது இறுகினாலும் அதன் கீலையும் கீல் ஊசியையும் முதலில் கவனியுங்கள். இதைத் தாண்டிவிட்டுச் செய்யும் எந்த அளவீடும் பயன்படாது.

அடுத்து சேசிஸ். மேல் தட்டின் திருகுகள் எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரங்கள் இல்லாத காரைத் தடித்த கண்ணாடி அல்லது செட்டப் பலகையின் மேல் வைத்து, சேசிஸ் எல்லா முனைகளிலும் பலகையைத் தொடும்படி மெல்ல அழுத்திக்கொண்டு, திருகுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மோட்டார் மவுண்ட்டின் திருகுகளையும் இதே போல் தளர்த்தி இறுக்க வேண்டும், ஏனெனில் முறுக்கு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மோதலுக்குப் பிறகு சேசிஸ் நேராகத் தெரிந்தாலும் இந்தத் திருகுகளின் இடையே ஒரு இழுப்பு தங்கிவிடும்.

பிறகு நான்கு ஷாக்குகளின் நீளத்தையும் அளந்து சமப்படுத்துங்கள். இணைகளை ஒரே நேரத்தில் அழுத்தி விட்டால் ஒரே வேகத்தில் திரும்பி வர வேண்டும். டிரூப் அளவு (சக்கரம் கீழே தொங்கும் தூரம்) இடமும் வலமும் ஒன்றாக இருக்கிறதா என்று அளவியில் பார்த்து, ஆன்டி-ரோல் பார் இணைப்புகளைத் தவிர எல்லாவற்றையும் மாட்டி, பேட்டரியுடன் காரைப் பலகையில் நிறுத்துங்கள். சேசிஸின் முன் விளிம்பில் நடுக்கோட்டுக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கத்தி முனையைக் கொடுத்து மெதுவாக உயர்த்தினால், இரு முன் சக்கரங்களும் ஒரே கணத்தில் தரையை விட்டு எழ வேண்டும். உங்கள் காரில் இடது முன் சக்கரம் பிந்தி எழும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் திருத்த வேண்டியது பின் ஷாக்குகளின் காலர்களை (ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மாற்றும் திருகு வளையங்களை). முன்பக்கம் உயரும் நிலையில் காரின் சாய்வைத் தீர்மானிப்பவை பின் ஸ்பிரிங்குகளே. வலது பின் காலரைச் சற்றுத் தளர்த்தி, அதே அளவு இடது பின் காலரை இறுக்குங்கள். பின்பு பின் விளிம்பை உயர்த்தி, முன் காலர்களால் அதையே செய்யுங்கள். ஆன்டி-ரோல் பார் இணைப்புகளைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். ஒரு இணைப்பு அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் பழைய முறுக்கு திரும்ப வந்துவிடும்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் காரைப் பிரிப்பதற்கு முன் ரிமோட்டைப் பாருங்கள் என்பேன். சர்வோவின் (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) கை நடுநிலையில் இல்லாமல் டிரிம்மால் (ரிமோட்டில் உள்ள நுண் திருத்தம்) நேராக்கப்பட்டிருந்தால், ஒரு பக்கம் சக்கரங்கள் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். டிரிம்மைச் சுழியத்தில் வைத்து, சர்வோ கையைச் சரியான பல்லில் மாட்டி, இணைப்புத் தண்டுகளால் நேராக்கி, அதன் பிறகே இரு பக்க எண்ட் பாயிண்ட்டையும் (ஸ்டியரிங் திரும்பும் எல்லை) பாகைமானியால் சமப்படுத்த வேண்டும். இது வலப்பக்கம் தள்ளுவதை மட்டுமே விளக்கும், இடப்பக்கம் த்ராட்டிலில் வீசுவதை முழுமையாக விளக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் பத்து நிமிட வேலையைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

அதோடு, டயர்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ரப்பர் டயர் பிரிவில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தருவது டயரும் அதைத் தயார்செய்யும் முறையும்தான். இடப்பக்க டயரும் வலப்பக்க டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா? அடிட்டிவை (டயரின் பிடிப்பைக் கூட்டும் திரவம்) தடவி ஊறவிடும் நேரமும், வார்மரின் (டயரைச் சூடேற்றும் கருவி) வெப்பமும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்றாக இருக்கின்றனவா? இவை மாறிக்கொண்டிருந்தால் நீங்கள் சோதிப்பது ஸ்பிரிங்கை அல்ல, அடிட்டிவைத்தான். கேம்பர் சரியா என்பதையும் டயரே சொல்லும். தேய்மானம் அகலம் முழுவதும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். உள் விளிம்பு மட்டும் கூம்பாகத் தேய்ந்தால் மைனஸ் கேம்பரை அரை பாகை குறையுங்கள்.

மறுமொழி 3

மோட்டாரின் சூட்டுக்கு வருகிறேன். உங்கள் கணக்கு இது: 96-ஐ 52-ஆல் வகுத்து 1.9-ஆல் பெருக்கினால் இறுதி விகிதம் ஏறத்தாழ 3.51. டயரின் விட்டம் 63 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 198 மி.மீ.; அதாவது மோட்டாரின் ஒவ்வொரு சுழற்சிக்கும் கார் 56 மி.மீ. முன்னேறுகிறது. பினியனை 48 பல்லாகக் குறைத்தால் விகிதம் 3.8, முன்னேற்றம் 52 மி.மீ. ஆகும். நேர்பாதை குறுகியும் வளைவுகள் நெருங்கியும் உள்ள தளத்தில் நீண்ட கியர், அதாவது குறைந்த விகிதம், நேர நட்டமே. மோட்டார் உச்சச் சுழற்சியை எட்டாமலே அதிக மின்னோட்டத்தை இழுத்து, அதை வெப்பமாக மாற்றிவிடும்.

ஆனால் பினியனை மாற்றும் முன் இரண்டைச் சரிபாருங்கள். பினியனைக் கழற்றிவிட்டு ஸ்பரைக் கையால் சுழற்றினால், பெல்ட்களும் பேரிங்குகளும் இழுப்பின்றிச் சுழல வேண்டும். பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும் ஒரு பேரிங் அழுக்கேறியிருந்தாலும் எந்தக் கியரிலும் மோட்டார் சூடேறும். இரண்டாவது, மோட்டாரின் எண்ட் பெல்லில் (பின் மூடி) உள்ள டைமிங், அதாவது சுருள்களுக்கு மின்சாரம் மாறும் கணத்தை முன்னே நகர்த்தும் அளவு. பிளிங்கி முறையில் ஈ.எஸ்.சி. எந்த டைமிங்கையும் சேர்ப்பதில்லை என்பதால், பலர் இதை எல்லை வரை திருப்பி வைக்கிறார்கள். அதனால் சுழற்சி கூடும். இழுவிசை குறையும், மின்னோட்டமும் சூடும் ஏறும். அளவு மீறிச் சூடேறினால் ரோட்டரின் காந்தம் வலுவிழந்து, அந்த மோட்டார் மறுபடி பழைய வேகத்தைத் தராது. விரலை நம்ப வேண்டாம். ஓட்டம் முடிந்த உடனே அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து குறித்து வையுங்கள். 80 பாகை செல்சியஸை நெருங்கினால் நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பது என் அளவுகோல்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சர்வோவின் டிரிம் சுழியத்தில்தான் இருந்தது, எண்ட் பாயிண்ட்டும் சமம். ஆனால் மேல் தட்டைத் தளர்த்தியதும் சேசிஸின் ஒரு முனை பலகையிலிருந்து எழுந்துகொண்டது. இறுக்கி முடித்த பிறகு கத்தி முனையில் சோதித்தபோது, சொன்னபடியே இடது முன் சக்கரம் பிந்தி எழுந்தது, காலர்களால் சமப்படுத்தினேன். இப்போது இரு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறது. 48 பல் பினியனில் சூடும் நன்றாகக் குறைந்துவிட்டது.

மிஞ்சியிருப்பது ஒன்று: இரு பக்க வளைவுகளிலும் நடுவே, பிடிப்பு மிகும் நேரத்தில், உள் சக்கரங்கள் எழுந்து கார் கவிழப் பார்க்கிறது.

மறுமொழி 1

இது உண்மையான செட்டப் கேள்வி, மகிழ்ச்சி. தளத்தில் ரப்பர் படிந்து பிடிப்பு கூடும்போது கார்ப்பெட்டில் இது வழக்கம். முதலில் தரை இடைவெளியை, உங்கள் விதிகள் அனுமதிக்கும் எல்லைக்குள், 5 மி.மீ.க்கு இறக்குங்கள். போதாவிட்டால் முன் டயர்களின் வெளிப் பக்கச்சுவரில் சயனோஅக்ரிலேட் பசையை மெல்லிய படலமாகப் பூசி, நன்றாகக் காய விடுங்கள். பக்கச்சுவர் தரையைக் கவ்வாது, டயர் கவிழ்வதற்குப் பதிலாகச் சற்று வழுக்கும். அதற்கும் பிறகுதான் தடித்த முன் ஆன்டி-ரோல் பார். அது ஸ்டியரிங்கையும் குறைக்கும் என்பதால் கடைசியில் வைக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே டயர் ஜோடியில் ஒரு முழு ஓட்டம் ஓட்டி, வேகமான ஒரு சுற்றை மட்டும் பார்க்காமல் எல்லாச் சுற்றுகளின் சராசரியையும் ஒப்பிடுங்கள்.